எருமை வாயில் அகப்பட்ட கலவன்

ஒன்றுபோல ஒன்று இருந்தால் இப்போது யாருக்கும் பொறுப்பதில்லை என்பது தெரோய்க் கிழவரின் எரிச்சல். தலைமயிரில் பாதி மஞ்சள், பாதி கறுப்பு. காலுறைகூட ஜோடி மாறித்தான் போடுகிறார்கள். மனுஷன் எப்படியோ போகட்டும், நெல் வயலுமா?

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் முப்பத்தோரு வருடமாக அவருக்கு ஒரே வேலை, வயலோடு ஒட்டாமல் நிற்கும் கலவன் பயிரைப் பிடுங்குவது. அன்று பூண்டுச் சோறும் கருவாடும் தின்றுவிட்டு, யாரும் சொல்லாமலே ஏழாம் வயலில் இறங்கினார். குட்டை, நெட்டை, சாய்ந்தது, விரிந்தது என்று சந்தைக் கூட்டமாக நின்றது பயிர். மத்தியானத்துக்குள் அறுநூறு செடியில் நாற்பதுதான் மிஞ்சியது. நாற்பதும் ஒரே உயரம்.

அந்த வயலுக்குச் சொந்தக்காரியான விஞ்ஞானி டாக்டர் நோர்லிட்டா வந்து பார்த்தவர், வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரோய் ஐயா, என்ன செஞ்சீங்க?"

"கலவன் எடுத்தேன், டாக். நீங்க கவனிக்கல போல. பார்க்கச் சகிக்கல."

"அந்தக் கலவனுக்குத்தான் மூணு வருஷமா பாடுபட்டேன்."

வாசனை நெல்லில் மணமும் உயரமும் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றனவாம். அதனால் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும், காற்றடித்தால் பயிர் சாயும். மகரந்தம் உண்டாகும்போது அப்பன் வழிக் குரோமோசோமும் அம்மா வழிக் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்ளும், ஆனால் ஒன்றிரண்டு இடத்தில்தான். அதற்குமேல் விடாமல் ஒரு ஜீன் தடுக்கிறது. அந்த ஜீனை நோர்லிட்டா முடக்கிவிட்டார். மாற்றம் பெருகினால் எங்காவது ஒரு செடியில் உயரம் கழன்று மணம் மட்டும் தங்கும். இந்தப் போகத்தில் அது கிடைக்காவிட்டால் வயல் வேறொருவருக்குப் போய்விடும்.

"அப்ப காவல்காரனை அடிச்சுப் போட்டுட்டு, எவன் எந்த வீட்டுல படுத்தான்னு தேடுறீங்க."

"பிடுங்கினதை எங்க போட்டீங்க, அதச் சொல்லுங்க."

"மேல்வரப்புல. வேரோடதான் பிடுங்குவேன். அரைகுறை வேலை நமக்கு ஆகாது."

மேல்வரப்பில் ஒரு எருமை நின்றது. குவியலை மூக்கால் கிளறி, ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஒரேயொரு குட்டைச் செடியை மட்டும் ருசித்து மென்றுகொண்டிருந்தது.

தெரோய் ஓடினார். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து, அதன் வாயிலிருந்து வேரையும் பாதித் தூரையும் மீட்டார். எச்சில் வழிந்த இலையைத் துடைக்காமலே கடித்தார். வாசனை நெல்லுக்கே உரிய ரம்பை இலை வாசம். நம்பாமல் இன்னொரு தரம் கடித்தார்.

"மணக்குதா?" நோர்லிட்டா பின்னாலேயே ஓடிவந்தார்.

"மணக்குது. எருமை எச்சிலையும் மீறி மணக்குது."

நோர்லிட்டா அதைச் சேற்றில் நட்டு, பக்கத்திலேயே மண்டியிட்டார். சோதனைக்கூடத்திலும் பார்க்க வேண்டும், ஆனால் வேர் இருக்கிறது, தூர் மறுபடி துளிர்க்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"இதோட பிள்ளைங்க எல்லாம் இதே மாதிரி வருமா, டாக்?"

"உடனே வராது. துண்டு மாறிக்கிட்டே இருக்கும். முடக்கின ஜீனைத் திரும்ப வேலை செய்ய வைக்கணும்."

தெரோய் கைச்சேற்றைப் புல்லில் துடைத்தார்.

"அப்ப அதை முதல்லயே சும்மா விட்டிருக்கலாம்ல?"

நோர்லிட்டா விளக்க வாயெடுத்தார். படித்தவர் சொன்னால் சரியாக இருக்குமோ என்று கிழவர் ஒரு கணம் நின்றார். இருக்காது என்று பட்டது. தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்போடு நடந்தார்.