கெட்டிச் சக்கரம், மெத்துச் சக்கரம்

1

இந்தக் கதை பஞ்சரில் பிறந்தது. ஏதோ உள்ளொளி தட்டியது என்று கதைவிட ஆசைதான். உண்மையில் தட்டியது, என் வண்டியின் பின் டயரில் ஓர் ஆணி. டயர்க்கடையில் காத்திருந்தபோது கடைக்காரர், தன் மனைவி லாங்போர்டு, அதாவது ஏறி நின்று ஓட்டுகிற நீளமான சக்கரப் பலகை, வாங்கியிருப்பதாகச் சொன்னார். நாற்பத்தைந்து வயதில், மருந்துக்கடை வேலைக்கு நடுவே. சொன்னது அவ்வளவுதான். மீதி நான் திரித்த கயிறு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அந்தச் சாலை ஒரு கரும்பாம்பைப் போல வளைந்து—”

சாலையைப் பாம்பாக்காத எழுத்தாளன் உண்டா? அடித்துவிட்டேன். அடுத்தது: “அவளுக்குள் ஒரு பறவை—”

இதற்குப் பாம்பே தேவலை.

2

நேராகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பிடித்திருந்தது ஃப்ரீரைடு. இறக்கத்தில் வேகமாக வந்து, பலகையைச் சட்டென்று குறுக்கே திருப்பி, சக்கரங்களை வழுக்கவிட்டு வேகத்தைக் குறைக்கிற விளையாட்டு.*

(* ஆராய்ச்சிக்காக நானும் ஒரு பலகையை இரவல் வாங்கி, வரவேற்பறைக் கம்பளத்தில் ஏறி நின்றேன். பலகை நகரவில்லை. நான் மட்டும் விழுந்தேன்.)

கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய ஸ்கூட்டர், செல்போன், வீட்டுச் செருப்பு வரைக்கும் டயர்க்காரர்தான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தார். இந்த முறை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

“இந்த ஒண்ணை மட்டும் நானே பாத்துக்கறேங்க. நீங்க கை வைக்காதீங்க.”

பிறகு பலகைக்கடையை ஒரு வழி பண்ணினாள். மிதித்தால் துள்ளுகிற பலகை மெதுவாக உலாவ நல்லது, வேகம் கூடினால் ஆட்டம் காணும் என்று கேட்டு ஒதுக்கினாள். விறைப்பான பலகையாக, நடுவில் லேசாகக் குழிந்து பாதத்தைப் பிடித்துக்கொள்வதாக, தரைக்குப் பக்கத்தில் தாழ்ந்து நிற்பதாக ஒன்றை எடுத்தாள். வழுக்குவதற்குத் தோதாக, ஓரம் மழுங்கிய, கெட்டியான ஆரஞ்சு நிறச் சக்கரங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

3

இங்கே கதை படுத்துவிட்டது. ஒருத்தி பலகை வாங்கினாள், சந்தோஷப்பட்டாள். இதை யார் படிப்பார்கள்? எனவே கதைக்காக அந்தச் சக்கரங்களை நானே மாற்றிவிட்டேன். பழியை மட்டும் டயர்க்காரர் தலையில் போடுகிறேன்.

அவர் பிழைப்பே பிடிமானம். தேய்ந்த டயரோடு வருகிறவர்களைத் திட்டி அனுப்புகிறவர். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். கெட்டி. இது வழுக்கும் என்று முடிவுகட்டினார். அதே நிறத்தில், அதே அளவில், சாலையைக் கவ்விப் பிடிக்கிற மெத்துச் சக்கரங்களை வாங்கிவந்து மாட்டிவிட்டார். அவள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

[ஒரு சந்தேகம். விவரமான மனிதர் இப்படியா செய்வார்? என் மனைவியிடம் கேட்டேன். “நீங்க செய்வீங்க” என்றாள். கதாபாத்திரத்தின் நம்பகத்தன்மை குறித்து அதற்குமேல் நான் ஆராயவில்லை.]

4

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வண்டிகள் வராமல் அடைத்த மேட்டுச் சாலை. இதுவரை இரவல் பலகையில் பழகியவள், சொந்தப் பலகையில் இறங்கப்போவது இன்றுதான். அவள் தள்ளி நின்று கையுறை மாட்டிக்கொண்டிருக்கிறாள். டயர்க்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகைக்கடைப் பெண்ணும் வந்திருந்தாள். அவளிடம் தன் கைங்கரியத்தைப் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணா, அவங்க நிக்கிறதே வழுக்கித்தான். இது வழுக்காது. பலகை நின்னுடும், அவங்க தூக்கியடிச்சு விழுவாங்க.” கையுறை மாட்டுகிறவள் பக்கம் தலையை ஆட்டி, “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றாள்.

5

முடிவுகள் மூன்று கைவசம் வைத்திருந்தேன்.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மருந்துக்கடைக்காரியிடம் பொய் நெஞ்சுவலி எவ்வளவு நேரம் செல்லும்?

அல்லது, நட்டு லூஸ் என்று சொல்லிப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். உயிர் தப்பும். ஆனால் கை வைக்காதே என்றவளின் பலகையில் இரண்டாம் முறையும் கை வைத்ததாகும்.

அல்லது, உண்மையைச் சொல்கிறார், அவள் சிரித்துக் கட்டிக்கொள்கிறாள், சூரியன் உதிக்கிறது. எழுதிவிட்டு எனக்கே கூசியது. ஒன்பது மணிக்கு ஏது உதயம்—

6

உண்மையைச் சொன்னால் அவள் விழமாட்டாள். ஆனால் தன்னுடையது என்று அவள் தேர்ந்தெடுத்த ஒரே பொருளும் தன்னுடையதாக விடப்படவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று தொடங்கினால் சாக்கு. ‘மன்னிச்சிடு’ என்று தொடங்கினால், எதற்கு என்று அவள் கேட்பாள். எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை. வீட்டில் இப்படிப்பட்ட சமயங்களில் நான் பால் வாங்கக் கிளம்பிவிடுவேன். அந்த மேட்டில் கடையே இல்லை.

அவள் ஒரு காலைப் பலகைமேல் வைத்துவிட்டாள். “இங்க பாரேன்” என்று கூப்பிட்டுவிட்டார் டயர்க்காரர்.

அடுத்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். யாருக்காவது, கேட்காமல், நல்லது என்று நினைத்து எதையாவது மாற்றி வைத்தவராக இருந்தால் உங்களுக்கு அது வரக்கூடும். சீக்கிரம் சொல்லுங்கள். நன்றாகக் கேட்கட்டும் என்று அவள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டாள்.