கடைசி ஆள் சொல்கிற சாப்பாடு

சோன் ஆற்றின் நடைபாலத்தை ஓடிக் கடக்க அரை நிமிடம் போதும். ஃபப்ரிஸ் ஏழு நிமிடம் எடுத்துக்கொள்வான். பதினாறு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி வந்த மனிதன், பாலத்தில் கால் வைத்த மாத்திரத்தில் இயற்கை ரசிகனாகிவிடுவான். அன்னங்களை எண்ணுவான். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவான், கட்டியதை மறுபடி அவிழ்ப்பான். அவனுக்கு இரண்டடி பின்னால் சொராயா கைப்பிடிக் கம்பியில் காலைத் தூக்கி வைத்துக் கெண்டைச்சதையை நீட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் பின்னால் நான் குனிந்து, இல்லாத கல்லை ஷூவுக்குள் தேடிக்கொண்டிருப்பேன். பாலத்தின் அந்தப் பக்கம் மரினெத்தின் சாப்பாட்டுக் கடை. வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை ஆற்றைத் தாண்டி வரும். மூன்று பேருக்கும் பசியில் உயிர் போகும். ஒருவரும் நகரமாட்டோம்.

"அந்தக் காலைத்தான் அப்பவே நீட்டிட்டியே பொண்ணே," என்பான் ஃபப்ரிஸ்.

"இன்னொரு கால் இருக்குல்ல," என்பாள் சொராயா.

காரணம் எங்கள் சட்டம். கடைசியாகக் கடைக்குள் நுழைகிறவர்தான் மேசை முழுவதற்கும் சாப்பாடு சொல்லலாம்; அவருக்குப் பிடித்ததைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும். முதலில் நுழைகிறவர் ரொட்டி வெட்டி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். சட்டத்தைப் போட்டவன் ஃபப்ரிஸ். டிராம் ஓட்டுகிறவன், அப்போதே நாற்பத்தெட்டு வயது, முன்னால் ஒரு தொப்பை, கீழே ஒரு கெட்டுப்போன முழங்கால். மெதுவாக வருகிறவன் வெட்கப்படக் கூடாது என்று தனக்காகவே அதைக் கண்டுபிடித்தான். இரண்டாவது வாரமே சொராயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதிலிருந்து லியோன் நகரத்தில் மெதுவாக ஓடுவதற்கென்று உயிரைக் கொடுத்துப் போட்டி போட்ட ஓட்டக் குழு நாங்கள் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் மரினெத் கதவுக்கு வந்து, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கத்துவாள்: "கோழிக்குஞ்சுகளா, பாலத்தை அடைகாக்கிறீங்களா? இங்க ஈரல் கருகுது."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்படிச் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் ஊரில் பட்டுத் தறிக்காரர்கள் காலத்திலிருந்து இருக்கிறது. மாஷோன் என்போம். ஓடி முடித்துவிட்டு அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதன் முழு அர்த்தமும் தெரியும் என்பது என் கட்சி. முதுகில் வேர்வை ஆறிக்கொண்டிருக்கும்போது, சூடான பெரிய தொத்திறைச்சியை வட்டமாக வெட்டி, வெந்த உருளைக்கிழங்கின் மேல் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பாள். அதன் கொழுப்பு கிழங்குக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த குடல், வினிகர் ஊற்றிய பச்சைப்பயறு, பூண்டும் மூலிகையும் நறுக்கிப் போட்ட தயிர்ப்பாலாடை. சொராயா பன்றியும் தொடமாட்டாள், மதுவும் தொடமாட்டாள். அவளுக்கென்று மரினெத் ஒரு பாட்டில் பேரிக்காய்ச் சாறு தனியாக வைத்திருப்பாள். யார் சாப்பாடு சொன்னாலும் அவள் சாப்பிடக்கூடிய பதார்த்தம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது எழுதாத இரண்டாவது சட்டம். "பன்றிக் கடைக்கு வந்து முட்டை தின்கிற மகராசி" என்று ஃபப்ரிஸ் கிண்டல் செய்வான். அவள் அவனுடைய தொப்பையைச் சுட்டிக்காட்டி, அதில் எந்த வருடத்துத் தொத்திறைச்சி எங்கே இருக்கிறது என்று மருத்துவ மொழியில் விளக்குவாள்.

நானும் சொராயாவும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவள் பிசியோதெரபிஸ்ட் ஆனாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற எனக்கு வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்தே வேலை. ஓடலாம் வாடி என்று என்னை இழுத்துப் போனது அவள்தான். ஐந்து வருடம் அப்படி ஓடினோம். விடியலில் ஆற்றின் மேல் பனி பாய் விரித்தது மாதிரி கிடக்கும். பார்ப் தீவைச் சுற்றித் திரும்பும்போதுதான் வெயில் வரும். அதுவரை பேச்செல்லாம் சாப்பாடுதான்: இன்றைக்கு நான் கடைசியானால் என்ன சொல்வேன், நீயானால் என்ன சொல்வாய். மூச்சு போதாமல் ஃபப்ரிஸ் ஒரு கோழிக் குழம்பின் செய்முறையை ஏழு கிலோமீட்டருக்கு இழுத்துச் சொன்ன ஒரு காலைகூட இருந்தது.

பிறகு நான் ஒரு வாட்ச் வாங்கினேன்.

வாட்சைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்குத்தான் அது பிடித்துப்போயிற்று. இவ்வளவு ஓடுகிறோமே, எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று ஒரு நாள் தோன்றியது, அவ்வளவுதான். மூன்றரை மணி நேரத்துக்குள் மாரத்தான். கிலோமீட்டருக்கு நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி. அந்த எண்ணை நான் காதலித்தேன், வேறு எப்படிச் சொல்வது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாலத்தை அரை நிமிடத்தில் கடந்து, முதல் ஆளாக உள்ளே போய், ரொட்டி வெட்டி வைத்துவிட்டு, எடை போட்டுக் கொண்டுவந்த சோற்று டப்பாவைப் பையிலிருந்து எடுத்துத் திறப்பேன். மரினெத் அந்த டப்பாவை, யாரோ மேசையில் செத்த எலியை வைத்தது போலப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் ஏரிக்கரையில் ஒரு மாரத்தான். சொராயாவும் நானும் பெயர் கொடுத்தோம். கடைசிவரை சேர்ந்தே ஓடுவது என்று பேச்சு. ஃபப்ரிஸின் முழங்காலுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஆகாது; அவன் முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், சிவப்புச் சர்க்கரைப் பாதாம் போட்ட பழைய பாணி டார்ட் அப்பம் ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு நிற்பான். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரே ஒரு நிமிடம் நின்று சாப்பிட்டுவிட்டு ஓடலாம் என்பது ஏற்பாடு. அந்த ஒரு நிமிடத்தை நான் மனதுக்குள் ஏற்கெனவே கழித்துப் பார்த்துவிட்டேன் என்பதைச் சொராயாவிடம் சொல்லவில்லை.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் அவளுடைய கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது. ஓரமாக ஒதுங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். அவள் காலைப் பார்த்தேன், பிறகு என் மணிக்கட்டில் வாட்சைப் பார்த்தேன். அவள் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"போறதுன்னா போ," என்றாள்.

போகாதே என்று அவள் சொல்லவில்லை என்று பிறகு எத்தனை மாதம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஃபப்ரிஸிடம் சொல்லி அனுப்புகிறேன் என்று ஏதோ முனகிவிட்டு ஓடினேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி அவன் பெட்டியைத் திறந்து நீட்டியபடி சாலை நடுவிலேயே வந்து நின்றான். சொராயா எங்கே என்று கேட்டான். நான் நிற்கவில்லை. கட்டைவிரலால் பின்னால் காட்டினேன். வழி கேட்டவனுக்குக் காட்டுவது போல.

மூன்று மணி இருபத்தொன்பது நிமிடம் நாற்பத்தொரு வினாடி. முடிவுக் கோட்டில் வெள்ளிக் காகிதத்தைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். குளிரத் தொடங்கியதும் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஃபப்ரிஸ் அந்த முழங்காலோடு மூன்று கிலோமீட்டர் எதிர்த்திசையில் நடந்து போய் அவளைக் கண்டுபிடித்ததும், இரண்டு பேரும் டார்ட்டைத் தின்றுகொண்டே பதினான்கு கிலோமீட்டர் நடந்து கோட்டைத் தொட்டதும் எனக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு சோன் ஆற்றுப் பக்கம் நான் போகவில்லை. எங்கள் ஊரில் ஆறு இரண்டு. ரோன் ஆற்றங்கரையில் தனியாக ஓடினேன். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாட்ச் சொல்லும். வீட்டுக்கு வந்து அதைச் சார்ஜில் போடுவேன்.

அக்டோபர் கடைசியில் ஃபப்ரிஸிடமிருந்து செய்தி வந்தது. சொராயாவுக்கு லீல் நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை கடைசி ஓட்டம். பத்து முப்பத்துநாலுக்கு ரயில். கீழே தனியாக ஒரு வரி: 'வர்றதுன்னா வா.'

போனேன். சொராயா என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, அலுவலகத்துப் புதுப் பெண்ணிடம் கேட்பது போல நல்லாயிருக்கியா என்று கேட்டாள். தீவு வரை ஃபப்ரிஸ் மட்டும்தான் பேசினான். டிராமில் யாரோ உயிருள்ள வாத்தைக் கூடையில் கொண்டுவந்து, அதற்கும் டிக்கெட் வாங்கிய கதை. நான் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை, அவள் சிரித்தபோது எனக்கு வரவில்லை. திரும்பும் வழியில் நான் வேண்டுமென்றே பத்தடி பின்னாலேயே ஓடினேன். பாலத்தில் சரியாகிவிடும், பாலத்தில் யாராலும் கோபமாக இருக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை.

பாலத்தில் கால் வைத்ததும் குனிந்து ஷூவைக் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேரும் அந்தக் கரையில் இருந்தார்கள். சொராயா நேராக ஓடிப் போயிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஃபப்ரிஸும், ஒரு அன்னத்தைக்கூட எண்ணாமல். கையில் ஷூவோடு பாலத்தில் நான் மட்டும். ஐந்து வருடத்தில் அவ்வளவு சுலபமாக நான் ஜெயித்ததேயில்லை.

உள்ளே போனபோது சொராயா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டு பெட்டிகள். நேரமில்லை என்பதால் குளிர்ந்த பதார்த்தங்களாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. பயறும் பாலாடையும் தயாராக இருந்தன. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. மரினெத் என் முன்னால் வந்து நின்றாள். ஏழு மாதமாக வராததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சொல்லு கோழிக்குஞ்சு. நீதானே கடைசி."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது. வாய் தானாகத் திறந்தது. "கெனெல்," என்றேன்.

ஆற்றுமீனை அரைத்து, முட்டையும் வெண்ணெயும் மாவும் சேர்த்துப் பிசைந்து, நன்னீர் இறால் சாஸில் மிதக்கவிட்டு ஓவனில் வைத்து உப்பவிடுகிற பதார்த்தம் அது. சொராயாவுக்கு உயிர். ஆனால் ஓடி முடித்த பசியில் யாராலும் காத்திருக்க முடியாது என்பதால் அந்த மேசையில் நாங்கள் அதைச் சொன்னதேயில்லை. மரினெத் புருவத்தைத் தூக்கினாள்.

"நாப்பது நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும்."

அவள் போய்விட்டாள். சமையலறையில் ஓவன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். வினாடி எண்ணிக்கொண்டு ஓடியவள் நாற்பது நிமிடத்தைத் தூக்கிக் கொடுக்கிறேன், பார் என்று ஒரு பெருமை. சொராயா கத்தியைக் கீழே வைத்தாள்.

"மறுபடியும் நீயே முடிவு பண்ணிட்ட," என்றாள்.

அப்போதுதான் கணக்கு எனக்குப் புரிந்தது. பத்து மணிக்கு வெளியே வரும் கெனெல். பத்து மணிக்குக் கிளம்பினால்தான் பிடிக்க முடிகிற ரயில். நான் கொடுத்தது என் நேரத்தை அல்ல.

ஃபப்ரிஸ் இருமினான். அடுத்த ரயில் பன்னிரண்டுக்கு மேல் என்றும், மெட்ரோவில் போனால் எவ்வளவு, அவனுடைய டிராமில் போனால் எவ்வளவு என்றும் யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, மது ஊற்றப் போனான். நான் மேசைத்துணியின் சிவப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தடியில் விட்டுவிட்டு ஓடியதற்கு மன்னிப்பு என்று ஏழு மாதமாக ரோன் கரையில் நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. எல்லாமே 'நான்' என்று தொடங்கின.

"அன்னைக்கு உனக்கு எவ்வளவு நேரம் வேணும்னு நான் கேக்கவேயில்ல," என்றேன்.

"ரெண்டு நிமிஷம்," என்றாள் சொராயா. "தசைப்பிடிப்பு ரெண்டு நிமிஷத்துல விட்டுடும். எனக்குத் தெரியாதா என்ன, அதுதான்டி என் தொழிலே."

அந்த இரண்டு நிமிடம் முடிந்தபோது நான் எங்கே ஓடிக்கொண்டிருந்திருப்பேன் என்று யோசித்தேன். அரை கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டேன். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருப்பாள்.

"இருக்கியா?" என்று கேட்டேன். "இல்லன்னா வேண்டாம்னு சொல்லிட்டு வர்றேன். ரொட்டியும் பாலாடையும் போதும்."

சொராயா கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தாள். எழுந்தாள். பெட்டிகளின் பக்கம்தான் போகிறாள் என்று நினைத்தேன்; அவற்றைத் தாண்டி, கடைக்காரி தவிர யாரும் போகக் கூடாத சமையலறைக்குள் போனாள். மரினெத்தின் குரல் எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன்.

ஓவனுக்கு முன்னால் சொராயா குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் நாலு கெனெல்கள், சாஸ் சுற்றிலும் குமிழியிட, சட்டியின் விளிம்பை இன்னும் எட்டாமல் கிடந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடிய முழங்கால்கள் இரண்டு பேருக்கும் சடசடத்தன. உள்ளே எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க நான் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டியதும், அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திறந்துடாத. காத்துப் பட்டா அமுங்கிடும்."

பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. கண்ணாடியின் சூடு எங்கள் முகத்தில் அடித்தது. உள்ளே, ஓரத்தில் இருந்த ஒன்று, மூச்சு இழுப்பது போல, லேசாக மேலே எழும்பியது.