பஸீஹாவுக்குச் சுரந்த பால்

பஸீஹாவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில், பிள்ளை ஒன்றும் பெறாமலேயே, பால் சுரந்தது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், முதலாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. கலகெதரையில் கண்டி வீதியோரம், வீட்டின் கீழ்த்தட்டில் அவள் நடத்திய போட்டோ கொப்பிக் கடையில் அப்போது மூன்று பேர் காத்து நின்றார்கள். யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழை வைக்க அவள் குனிந்தபோது கண்ணாடியில் இரண்டு துளி விழுந்தது. கூரை ஒழுகுகிறதென்று மேலே பார்த்தாள். மேலே மாடி வீடு, ஒழுக வழியில்லை. பிரதியில் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்டம் இருந்தது. அதற்குள் அபாயாவின் முன்பக்கம் நனைந்துவிட்டதால், கையிலிருந்த கடதாசிக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக் கடையைப் பூட்டினாள். அந்த நேரம் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்கள்.

பஸீஹாவும் ஹுஸைன் ஹாஜியாரும் கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருடம். பிள்ளைக்காகப் பார்க்காத டொக்டர் இல்லை. கேட்டுக் கேட்டுச் சலித்து ஊரே கேட்பதை விட்டு, பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த நிம்மதியான நிலையில் இப்படி ஒன்று வந்தது அவளுக்குப் பெரிய மானக்கேடாகப் பட்டது. கண்டிக்குப் போய் இரத்தம் கொடுத்தாள், தலைக்குள் படம் எடுத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, பால் நல்ல பால் என்று டொக்டர் சொன்னார். நல்ல பால் என்றதுதான் அவளை அதிகம் கூச வைத்தது. கணவனிடம் மட்டும் சொன்னாள். ஹாஜியார் கடைத்தெருவுக்குப் போய் ஆறு தடித்த துவாய் வாங்கி வந்து அலுமாரியில் வைத்தார். அவள் கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பால் ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்தது: பத்தே முக்காலுக்கு, ஒன்றரைக்கு, நாலு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

மாடியில் வாடகைக்கு இருந்தவள் சுதர்சினி. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். கண்டியில் ஒரு புடைவைக்கடையில் வேலை. கணவன் கணேஸ் கட்டாரில் லொறி ஓட்டினான். மகன் துஷாந்துக்கு நாலரை மாதமானபோது அவளுடைய பிரசவ லீவு முடிந்தது. அன்றிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத்தான் திரும்பினாள். பிள்ளையைக் கணேஸின் தங்கச்சி சுந்தரி பார்த்துக்கொண்டாள். முதல் வாரம் சுதர்சினி கடைக் கழிவறைக்குள் நின்று கோப்பையில் பால் பீச்சினாள். வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள். தட்டினால் பால் நின்றுவிடும். இரண்டாம் வாரம் மேற்பார்வைக்காரர் மற்றப் பெண்களுக்கு முன்னால், "உங்களுக்கு வயித்துல ஏதாவது வருத்தமா?" என்று கேட்டார். அதன் பிறகு அவள் கழிவறைப் பக்கம் போகவில்லை. இரவிக்கைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு சேலைகளை விரித்துக் காட்டினாள். மாதம் முடிவதற்குள் துணி தேவைப்படாமல் போயிற்று. அவளுக்குப் பால் வற்றிவிட்டது.

இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பிஸ்கட்டைக் கரைத்த தண்ணீரையும் கஞ்சித் தண்ணீரையும் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும்படி சுந்தரியிடம் சொன்னாள். "ஆரு கேட்டாலும் தாய்ப்பால் மட்டுந்தான்னு சொல்லு. மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா என்னைய நாக்கப் புடுங்குற மாதிரிக் கேப்பாங்க." பிள்ளை போத்தலைக் குடித்து, வயிறு உப்பிப் பேசாமல் படுத்துக்கொண்டான். அழவில்லை. அழாத பிள்ளையைப் பசியில்லாத பிள்ளை என்றே இருவரும் எடுத்துக்கொண்டார்கள். பெப்ரவரி மாதக் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது, கிளினிக் புத்தகத்தில் அவனுடைய நிறைக் கோடு பச்சையைத் தாண்டிச் செம்மஞ்சளில் இறங்கியிருந்தது. மிட்வைஃப் மிஸ் சிங்களப் பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பேசுவாள். "என்ன கொடுக்கிறது அம்மா?" என்று கேட்டாள். "தாய்ப்பால் மட்டுந்தாங்க மிஸ்" என்றாள் சுதர்சினி. அதே நிமிடத்தில், கிளினிக்கிலிருந்து அரைக் கட்டை தூரத்தில், பஸீஹா மூன்றாவது துவாயை எடுத்தாள்.

மார்ச் மாதத்துப் போயா, பௌர்ணமி லீவு, திங்கட்கிழமை வந்தது. புடைவைக்கடை பூட்டு. சுதர்சினி வீட்டில் இருந்தாள். பிள்ளைக்குக் கட்டிப்பால் கரைத்துக் கொடுத்து, நாள் முழுக்க மடியிலேயே வைத்திருந்தாள். அன்று பஸீஹாவுக்கு ஒரு துளியும் வரவில்லை. அவள் விறாந்தைக் கதிரையில் இருந்து ஞாயிறுகளையும் போயாவையும் கூட்டிப் பார்த்தாள்; எல்லாம் சுதர்சினி வீட்டில் நிற்கும் நாட்கள். மறுநாள் பத்தே முக்காலுக்கு நெஞ்சு கனத்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். சுந்தரி போத்தலோடு இருந்தாள். போத்தலுக்குள் இருந்தது பால் நிறமாகத் தெரிந்தாலும், கண்ணாடியில் ஒட்டாமல் தண்ணீராகவே ஓடிற்று. பிள்ளை போத்தலை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிப் பஸீஹாவைப் பார்த்தான். "இவன் அழுறதே இல்லையா?" என்று பஸீஹா கேட்டாள். "இல்லிங்க ஆன்ட்டி, நல்ல புள்ள" என்றாள் சுந்தரி. பஸீஹா கதவைச் சாத்தினாள்.

அன்று தொடங்கி ஒரு நாளைக்கு மூன்று தடவை அவள் மேலே போய் வந்தாள். சுந்தரிக்குப் பதினெட்டு வயது, பயந்த பெண். சொல்ல வேண்டாம் என்றதால் சொல்லவில்லை. பிள்ளையின் தாயிடம் கேட்காமல் செய்வது களவு என்று பஸீஹாவுக்குத் தெரியும். தொழுகைப் பாயில் இருந்து ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டாள். நாலு மணியானதும் எழும்பி மேலே போனாள். மார்ச் மாதக் கிளினிக்கில் கோடு மறுபடியும் பச்சைக்கு ஏறியது. மிட்வைஃப் மிஸ் சுதர்சினியை எழுப்பி நிறுத்தி, மற்றத் தாய்மாரிடம், "பாருங்க, வேலைக்கும் போறது, பாலும் கொடுக்கிறது. இவங்களை மாதிரி இருக்க வேணும்" என்றாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுதர்சினி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிஸ்கட் தண்ணீரில் எப்படிக் கோடு ஏறியது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் முடியாது, கேட்டால் பொய் வெளியே வரும்.

பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்தது. குழைத்த சோறு கொடுக்கத் தொடங்கச் சொன்னார்கள். சுதர்சினிக்கு அது விடுதலை போல இருந்தது; சோறு கொடுப்பதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் துஷாந்த் வாயைத் திறக்கவில்லை. பருப்புச் சோற்றைத் துப்பினான், பூசணிக்காயைத் துப்பினான், முட்டை மஞ்சட்கருவைத் தலையாலேயே தட்டிவிட்டான். அவனுக்கு அதில் அவசியம் இருக்கவில்லை. பஸீஹாவுக்கு முதலில் பிள்ளையின் பசிக்குத்தான் பால் வந்தது. பிறகு அவளுடைய ஆசைக்கும் வரத் தொடங்கியது. மூன்று தடவை ஐந்தாயிற்று. சுந்தரி சோற்றுக் கோப்பையை எடுக்கும்போது படியில் பஸீஹாவின் காலடி கேட்கும். "கொஞ்சம் குடிச்சிட்டுத் தின்னட்டும்" என்பாள். குடித்த பிறகு அவன் தூங்கிவிடுவான். ஒவ்வொரு நாளும் கோப்பைச் சோறு காகத்துக்குப் போயிற்று. அது பிழை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒன்பது கிழமை செய்தாள்.

மே மாதக் கிளினிக் அன்று சுந்தரிக்குக் காய்ச்சல். சுதர்சினி லீவு எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். மழை தூறியதால் பஸீஹா குடை பிடித்துக்கொண்டு கூடப் போனாள். நிறை சரியாக இருந்தது. ஆனால் மிட்வைஃப் மிஸ் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிறிப் போயிருந்தான். "எட்டு மாதம் அம்மா. சோறு எத்தனை கரண்டி?"

"திங்க மாட்டேங்குறான் மிஸ்."

"அப்போ பால்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

மண்டபத்தில் இருபது இருபத்தைந்து தாய்மார் இருந்தார்கள். மேசையில் கிடந்த பிள்ளை அப்போது வாயைத் திறந்து அழுதான். அவன் அழுததை அவனுடைய தாய் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் கேட்டாள். கைகளைத் தாய்ப் பக்கம் நீட்டாமல் வாசல் பக்கம் நீட்டினான். வாசலில் குடையோடு நின்ற பஸீஹாவின் அபாயா கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்தது. பால் குடைக்கம்பியில் இறங்கிச் சீமெந்துத் தரையில் சொட்டியது. மழை என்று சொல்ல முடியாது. மழை வெள்ளையாக இராது.

பஸீஹா குடையை விரித்து முன்னால் பிடித்து மறைக்கப் பார்த்தாள். பிறகு அதை மடக்கினாள். "நான்தான் குடுத்தேன். மார்ச்சிலிருந்து. இவவுக்குத் தெரியா" என்றாள். சுதர்சினி அவளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு மிட்வைஃப் மிஸ் பக்கம் திரும்பி, "எனக்குப் பால் இல்லிங்க மிஸ். பெப்ரவரியிலயே வத்திப்போச்சு. அப்ப நா பொய் சொன்னேன். பிஸ்கட்டும் கஞ்சித்தண்ணியுந்தான் குடுத்தேன்" என்றாள். அதைச் சொல்லி முடித்ததும் அவளுடைய முகமும் காதும் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்து வழியாகக் கைவிரல்வரை இறங்கியது. அது முழுதாக மறைய மூன்று வாரமாயிற்று என்று அங்கிருந்த பெண்கள் சொல்கிறார்கள். மிட்வைஃப் மிஸ் பேனையை எடுத்து, பிள்ளையின் உணவு என்ற இடத்தில் எழுதத் தொடங்கி, எதை எழுதுவதென்று தெரியாமல் நிறுத்தினாள். கடைசியில் "தாய்ப்பால், வேறு தாய்" என்று எழுதி, இரும்புச்சத்துச் சிரப்புக்குத் துண்டு கொடுத்து, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

சுதர்சினி மாடிக்குத் திரும்பவில்லை. அங்கிருந்தே பஸ் ஏறிப் பிள்ளையோடு ஹேவாஹெட்டவுக்குப் போனாள். தோட்டத்து லயத்தில், தன் அண்ணன் வீட்டில் மூன்று நாள் இருந்தாள். அந்த மூன்று நாளும் கலகெதரையில் பஸீஹாவின் பால் நிற்கவில்லை. துவாய்கள் போதாமல் போயின. பால் கடைப்படியில் இறங்கி வீதிக் கான் வாய்க்காலில் ஓடியது. பூனைகள் வரிசையில் இருந்து குடித்தன. நாலாம் வீட்டுக்காரர் தன் வாசலைக் கழுவிவிடச் சொல்லி முறைப்பாடு செய்தார். பஸீஹா அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாலாம் நாள் ஹுஸைன் ஹாஜியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கண்டிக்குப் போய் பஸ் மாறி, ஹேவாஹெட்டவில் இறங்கி லயத்துக்கு ஏறினார். அவர்கள் கொடுத்த கதிரையில் இருக்காமல் நின்றார்.

"அவ வர மாட்டா, மகள். வெட்கம். அதுதான் நான் வந்தேன். செஞ்சது பிழை. புள்ளட உம்மாட்டக் கேட்டீக்கணும்."

சுதர்சினி பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டாள். பிறகு, "எனக்குக் கோவம் இல்லிங்க ஹாஜியார்" என்றாள். "பெத்த எனக்கு வத்திப்போச்சு, பெறாத அவங்களுக்கு வருது. அவங்க மொகத்த நா எப்புடிங்க பாக்குறது?"

"அவவும் இதேதான் சொல்றா" என்றார் ஹாஜியார். பிள்ளை அவருடைய தாடியைப் பிடித்தான். பின்னேர பஸ்ஸில் மூவரும் கலகெதரைக்குத் திரும்பினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் பள்ளிவாசல் மௌலவியிடம் போனார். மௌலவி இரண்டு நாள் கிதாபுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: ஐந்து தடவைக்கு மேல் குடித்திருப்பதால் பிள்ளை பஸீஹாவுக்குப் பால்குடி மகன், நாளைக்கு வளர்ந்தாலும் அவள் அவனுக்கு முன்னால் முக்காடு போட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பால் ஹாஜியார் கொடுத்த பிள்ளையால் வந்ததல்ல, தானாக வந்தது. ஆகவே ஹாஜியார் அவனுக்குத் தகப்பன் ஆகமாட்டார். ஹாஜியார் "சரி" என்று சொல்லிவிட்டு எழும்பி, பள்ளிவாசல் படியில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தார். இருபத்தெட்டு வருடமாகத் தன் பக்கம்தான் குறை என்று டொக்டர்மார் சொன்னதை அவர் ஊருக்கு மறைத்து வந்தார். பஸீஹாவும் சேர்ந்து மறைத்தாள். இப்போது கிதாபும் அதையே சொல்லிவிட்டது போல அவருக்கு இருந்தது.

மறுநாள் அவர் மிட்வைஃப் மிஸ்ஸைத் தேடிப் போய், சோறு குழைப்பது எப்படி என்று கேட்டார். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, அவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்றாள். பருப்பு, கீரை, மீன் முள் எடுத்து, ஒரு கரண்டி தேங்காய்ப்பால். ஒன்பது மாதம்வரை பால் முதலில், சோறு பிறகு. ஒன்பதுக்குப் பிறகு சோறு முதலில். பாலை நிறுத்தவே வேண்டாம், சோற்றின் இடத்தை மட்டும் பால் எடுக்கக் கூடாது. ஹாஜியார் ஒன்றையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டு வந்து, தன் கையாலேயே குழைத்தார். பதினொரு நாள் துஷாந்த் அதை அவருடைய சட்டையில் துப்பினான். பன்னிரண்டாம் நாள் ஒரு வாய் விழுங்கினான். அதன் பிறகு ஒரு கரண்டி சோறு உள்ளே போகும்போதெல்லாம் பஸீஹாவுக்கு ஒரு கரண்டி பால் குறைந்தது. அவள் கோப்பையில் பிடித்துப் பார்த்தாள், அளவு பிசகவில்லை. முதல் தடவை குறைந்த அன்று அவள் அழுதாள், ஆனால் படியேறிப் போய்ச் சோற்றைத் தடுக்கவில்லை. பின்னேரம் சுதர்சினி வேலையால் வந்ததும் பிள்ளையை முதலில் தன் மார்பில் போட்டாள். ஒன்றுமில்லாவிட்டாலும் அவன் பிடித்தான். பெருநாள் கழிந்த கிழமை அவளுடைய இடது பக்கத்தில் கொஞ்சம் ஊறியது. வலது பக்கம் ஊறவேயில்லை. அது முடிந்ததும் பிள்ளையைப் பஸீஹாவிடம் நீட்டுவாள். முதல் நாட்களில் இருவரும் எதிர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு கறிக்கு என்ன வாங்கினது என்று பேசத் தொடங்கினார்கள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது, ஒரு புதன்கிழமை, அவன் ஒரு முழுக் கோப்பை மீன்சோறு தின்றான். அன்றோடு பஸீஹாவின் பால் நின்றது. துவாய்களை மடித்து வைத்தாள். கணேஸ் கட்டாரிலிருந்து வந்தபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவளுக்குப் பெரிய பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று கொடுத்தான். துஷாந்துக்கு இப்போது மூன்றரை வயது. மேலே அம்மா, கீழே உம்மா. பகல் சோற்றுக்குக் கீழேதான் இறங்குவான்; ஹாஜியார் குழைத்தால்தான் தின்பான். வெளியூர் ஆட்கள் யாராவது அந்த நேரம் வந்து, எத்தனை பிள்ளைகள் என்று ஹாஜியாரிடம் கேட்டால், "அவவுக்கு ஒண்டு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்ச் சோற்றை உருட்டுவார்.