பிளக் வயரில் ஒரு பெயர்

"ஈரம் பட்டா வண்டிக்கு ஆளு ஓர்மை வரத்தானே செய்யும்" என்று பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் ஸ்கூட்டருக்கும் அப்படித்தான் ஆள் நினைவு வரும். வெயிலில் நான் சொன்னபடி கேட்கும். தூறல் விழுந்தால் இருமும், உதறும், சாலையை விட்டு விலகி பெனிட்டா வீட்டு கேட்டின் முன்னால் போய் நின்றுவிடும்.

பெனிட்டா கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். ஸ்கூட்டர் முன்பு அவளுடையது. அவளுடைய அண்ணன் விற்றார், என் அப்பா வாங்கினார். சீட்டுக்கு உறை போட்டது நான். ஞாயிறுதோறும் துடைப்பதும் நான். அவள் ஒருநாளும் துடைத்ததில்லை. வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே நனைந்து நிற்கும்போதெல்லாம் அவளுடைய புதிய வெள்ளைக் கார் தெரியும். போர்ட்டிகோவுக்குள் இருந்தாலும் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பாள். முகப்பு விளக்குகள் இரண்டும் மட்டும் வெளியே என்னைப் பார்த்தபடி தெரியும். என்னிடம் அப்படி மூடி வைக்க எதுவும் இருந்ததில்லை.

மெக்கானிக் ஏசுவடியான் அண்ணனிடம் போனேன். மழையில் திக்கும் எஞ்சினை எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே விதமாகத்தான் பார்ப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு, சலூனில் தலைக்கு அடிக்கும் குப்பியால் பிளக் வயரில் தண்ணீர் தூவுவார்கள். வண்டிக்காரர் பெயர்களைச் சொல்ல வேண்டும். எந்தப் பெயருக்கு எஞ்சின் திக்குகிறதோ, அவரைத்தான் வண்டி நினைக்கிறது.

அப்பா பெயரைச் சொன்னேன். சீராக ஓடியது. என் பெயரை மெதுவாகச் சொன்னேன். அதற்கும் சீராகவே ஓடியது. கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். பிறகு பெனிட்டா என்றேன். எஞ்சின் அணைந்தது.

ஏசுவடியான் அண்ணன் குப்பியைக் கீழே வைத்தார். இது உன் வண்டி என்று அவள் தன் வாயால் என்னிடம் சொன்னால் குணமாகிவிடும், ஆனால் மழையில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"பாத்துக்க மக்ளே. அவ அதுக்கிட்ட அன்பா ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா, வண்டி அவளுக்குத்தான். பின்னே ஒனக்குக் கிடைக்காது."

அடுத்த மழைக்கு ஸ்கூட்டர் வழக்கம்போல அந்த கேட்டில் நின்றது. பெனிட்டா அப்போதுதான் வெளியே போய்விட்டுத் திரும்பி, காரைத் தெருவில் நிறுத்தி கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். நான் அவள் தலைக்குக் குடை பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"இது எனக்க வண்டியா? ஓர்மையே இல்ல" என்றாள்.

ஸ்கூட்டர் நடுங்கியது. தெரியாத வண்டியை ஒருவர் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. இடது பக்கக் கீறல் கல்லூரி மதிலில் உரசியது, மழைக்கோட்டுப் போட்டால் முடி கலையும் என்று நனைந்தே வருவீர்கள், சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஹாண்டிலில் விரலால் தாளம் போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் என்னிடம் இருந்தன.

அவள் முகம் இளகியது. "அட, நீயா?" என்று ஸ்கூட்டரிடம் குனிந்தாள். அவளுடைய கை ஹாண்டிலை நோக்கிப் போனது. நான் சீட்டு உறையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வெள்ளைக் காரின் எஞ்சின் திக்கித் திக்கி இயங்கத் தொடங்கியது. அது பெனிட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முழங்காலில் லேசாக முட்டி நின்றது. அதன் மீது மழை பெய்துகொண்டிருந்தது.

பெனிட்டா காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒனக்க வண்டிய எடுத்துட்டுப் போ பிள்ளே."

பட்டனைத் தொட்டதும் ஸ்கூட்டர் சீராக இயங்கியது. குடையை அவளிடமே விட்டுவிட்டுக் கிளம்பினேன். கோவில் வளைவில் கண்ணாடியில் பார்த்தபோது கார் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பெனிட்டா என் குடையை அதன் பானெட்டுக்கு மேல் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடி வந்துகொண்டிருந்தாள்.