ஓரத்தில் நின்றவர்கள்

1966 டிசம்பரில், காவடிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, பழனியாண்டியின் நாக்கில் இருப்பது புற்று என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்கு உதவிய திசுத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றித் தந்தவள் அவருடைய அக்காள் மகள் தெய்வானை. அரசு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

பழனியாண்டி தீவின் தெற்கே ரோஸ் பெல் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் பாடுவார். இருபத்தெட்டு ஆண்டுகளாகக் காவடியன்று நாக்கில் அலகு குத்திக்கொண்டவர். அலகை உருவித் திருநீறு வைத்தால், மூன்றாம் நாள் புண் இருந்த இடமே தெரியாது. அதனால்தான் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு சிறு புண் மூன்று மாதமாக ஆறாமல் கிடந்தும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வலியில்லை, சீழில்லை, காய்ச்சலும் இல்லை. அக்காவின் நச்சரிப்பு தாங்காமல்தான் மருத்துவமனைக்கே வந்தார்.

வருகிற செவ்வாய்க்கிழமை அறுவை செய்துவிடலாம் என்று மருத்துவர்கள் நாள் குறித்தார்கள். கழுத்தில் இன்னும் நெறி கட்டவில்லை. ஐந்து வாரம் கழித்து அப்படியே இருக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. பழனியாண்டியோ பிடி கொடுக்கவில்லை.

"குத்தின ஓட்டைய மூணு நாள்ல மூடுற ஒடம்பு, மோ ஃபி" என்றார். மகளை அழைப்பதுபோல் அப்படித்தான் அவளைக் கிரியோலில் அழைப்பார். "இது ஒரு பருக்கை அளவு. காவடி முடியட்டும், தானா போயிடும்."

"போறதா இருந்தா மூணு மாசத்துல போயிருக்காதா, மாமா?"

"என் ஒடம்பு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

"அதுல ஒரு துண்டைச் சீவினவ நானு. கொஞ்சம் எனக்கும் தெரியும்."

அவர் சிரித்தார். ஆனால் சம்மதம் சொல்லவில்லை.

மாமா சொன்னதில் நியாயம் இருப்பதாகவே தெய்வானைக்குப் பட்டது. ஊசிப் புண்ணை ஆற்றும் உடம்பு இதை ஏன் விட்டுவைத்தது? சென்னையிலிருந்து வந்து ஆய்வுக்கூடத்தை நடத்திவந்த டாக்டர் பாலசுப்பிரமணியத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"விட்டுவைக்கலையே அம்மா, ரத்தத்து வெள்ளணுப் படை வந்திருக்கே, நீ பார்க்கலையா?" என்றார் அவர். "வந்து ஓரத்துல நிக்குது. ஊசி வெளியிலிருந்து வந்தது, உடனே தெரிஞ்சிடும். இது உடம்போட சொந்த அணு. மாறினது வெளியே தெரியற அணுக்களை இந்தப் படை எப்பவோ கொன்னிருக்கும். மாறினதை மறைச்சுக்கிட்டதுதான் தப்பிச்சுப் பெருகுதுன்னு ஒரு கருத்து உண்டு. முழு உண்மை இன்னும் யாருக்கும் தெரியாது."

வியாழக்கிழமை மதியம் டாக்டரின் அனுமதியோடு மாமாவை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தாள். முதலில் வைத்தது ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளியின் உள்ளங்கையிலிருந்து எடுத்த சதை. நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு சிராய். அதைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் நீலப் புள்ளிகள்.

"காவடிக் கூட்டம் மாதிரியில்ல மொய்ச்சிருக்கு!" என்றார் பழனியாண்டி.

"அதுதான் மாமா ஒடம்போட படை. இப்போ உங்களுடையதைப் பாருங்க."

பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கற்ற அணுக்கள் தீவுத் தீவாகக் கிடந்தன. நீலப் புள்ளிகள் அவற்றின் கரையோரம் வரிசையாக நின்றன. உள்ளே சென்றவை மிகச் சிலவே.

"ஏன் நிக்கிறானுங்க? உள்ள போறதுதானே? சோம்பேறிப் பசங்க!"

"சோம்பேறி இல்ல மாமா. உள்ள இருக்கிறது நம்ம ஆளுன்னு நினைக்கிறாங்க."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "வீரசாமி" என்றார்.

"யாரு மாமா அது?"

"முப்பத்தேழுல வேலைநிறுத்தம் பண்ணினோமே, அப்போ எங்ககூட இருந்தான். வேற தோட்டத்து ஆளு வந்தா நிறுத்தி விசாரிப்போம், ஒருத்தனை விடமாட்டோம். ஆனா நாங்க பேசினது அத்தனையும் துரை காதுக்குப் போச்சு. அந்த விசாரிக்கிற வேலையே வீரசாமிதான் பார்த்தான். எங்க தட்டுல சாப்பிட்டான், எங்ககூடப் பாடினான். ஒம்பது பேர் ஜெயிலுக்குப் போனாங்க."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாங்க எங்க கண்டுபிடிச்சோம்? வெளியூர் வக்கீலோட குமாஸ்தா வந்து சொன்னாரு. அப்பவும் நாங்க நம்பல."

எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் கோயிலில் வழக்கத்தைவிட நான்கு பாட்டு அதிகமாகப் பாடினார். காரணம் தெய்வானைக்கு மட்டுமே தெரியும்.

அறுத்தெடுத்த துண்டு புதன்கிழமை அவள் மேசைக்கு வந்தது. அவளே சீவினாள். அடுத்த வாரம் டாக்டர் எல்லா விளிம்பையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஓரம் சுத்தம் அம்மா, அங்க புற்று இல்லை" என்றார். அதன்பிறகுதான் அவள் தன் கண்ணால் பார்த்தாள். விளிம்பின் அருகே வெளிறிய கோடு ஒன்று ஓடிற்று. பழைய அலகுத் தழும்பாக இருக்கலாம். அங்கே நீலப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் வேலை எப்போதோ முடிந்திருந்தது.

காவடியன்று பழனியாண்டி அலகில்லாமல் நடந்தார். பாடவுமில்லை. ஆலையில் கூட வேலை பார்க்கும் பொன்னுசாமி வழியில் நின்று, "என்ன பழனியாண்டி, வயசாச்சு, ஊசிக்குப் பயமா?" என்று சீண்டினார்.

பழனியாண்டி தோளில் காவடியோடு நின்று, இடப்பக்கம் குறைந்துபோன நாக்கை முழுவதும் நீட்டிக் காட்டினார். பிறகு வாயை மூடிக்கொண்டு நடந்தார்.