எழுபத்தொன்பதின் தரை

பன்னிரண்டு நாளில் சுதாகரன் ஒரு பிக்கப்பின் தலையைக் கழற்றிவிட்டு இன்னொன்றின் தலையை அதில் பூட்டி முடித்திருந்தான். தலவாக்கலையில் வண்டித் தகட்டை வெட்டி ஒட்டுகிற டிங்கர் வேலை தெரிந்த மற்ற மூன்று மேஸ்திரிகளும், பாஸ்மாரும், ஆளுக்கொரு சாக்கோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் நன்றாயிருக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அது போதுமாயிருந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜப்பான் வண்டி அது. அடிச்சட்டத்தை, சேசியைத் தட்டினால் மணிச் சத்தம் கேட்கும். எஞ்சினைப் பற்றியும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலை, டிரைவர் உட்காருகிற கெபின்தான் போய்விட்டது. ஈரச் சாக்கும் மழையும் சேர்ந்து கெபினின் தரைத் தகட்டைத் தின்று தீர்த்திருந்தன. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் காலுக்கடியில் ரோடு ஓடுவது தெரியும்.

வண்டிக்குச் சொந்தக்காரி ஜீவராணி. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் லய வீடுகளுக்குப் பின்னால் இருபது குடும்பம் போடுகிற லீக்ஸ், கோவா, கரட் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் நுவரெலியா மார்க்கெட்டுக்குப் போகிறவர். அந்த டிவிசன் ரோட்டில் லொறி ஏறாது. அவர் போகாத அன்றைக்கு மரக்கறியும் போகாது.

ஓட்டைகளை அடைத்துத் தரச் சொல்லித்தான் அவர் வந்திருந்தார். சுதாகரன் ஒத்துக்கொள்ளவில்லை. கிழிந்த சாக்கைத் தைத்தால் தையலுக்குப் பக்கத்தில் கிழியும் என்றான். அவனுடைய கொட்டிலில் எண்பத்தைந்தாம் ஆண்டுக் கெபின் ஒன்று இரண்டு வருஷமாகக் கிடந்தது. மரம் விழுந்து சேசி முறிந்த வண்டியினுடையது. அதே கம்பனி, அடுத்த தலைமுறை. தரை துளி துருவில்லாமல் இருந்தது. அதை எதன் மேலாவது ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் பழசே பழகிருச்சுங்க பாஸ்" என்றார் ஜீவராணி.

"புதுசும் பழகும் அக்கா."

அவர் யோசித்தார். பிறகு, ஒருமுறை வேலை செய்தால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று அவன் சொன்னதை நம்பி, சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். இடது கால் இழுத்துக்கொண்டு போனது. கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி நடந்தார். சுதாகரன் அதைப் பார்த்தான். ஆனால் மனசு கெபினில் இருந்தது.

லேசான வேலை இல்லை. வண்டியின் பதிவுப் புத்தகம் சேசி நம்பரின் பேரில் இருப்பதால் கீழே உள்ளது அப்படியே இருக்க வேண்டும். மேலே வருவதுதான் வளைந்துகொடுக்க வேண்டும். முன்பக்கத்து இரண்டு போல்ட்டும் தானாக உட்கார்ந்தன. பின்பக்கம் இரண்டரை அங்குலம் தள்ளி நின்றது. அதற்குத் தடித்த தகட்டில் புதுத் தாங்கி வெட்டினான். ஸ்டியரிங் கம்பி வந்து சேருகிற கோணம் வேறு. கியர் வெளியே வருகிற துளை வேறு. ஒவ்வொன்றையும் ஏற்றி, இறக்கி, தேய்த்து, மறுபடி ஏற்றினான். எல்லாம் முடிந்து கதவைச் சாத்தியபோது அது இரும்புப் பெட்டி மாதிரி ஒரே சத்தத்தில் மூடிக்கொண்டது. பெயின்ட் அடிக்கிற திலக்ஷன் அதை நாலு தரம் திறந்து திறந்து சாத்தினான்.

பழைய கெபினைக் கழற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் இருவரும் சிரித்திருந்தார்கள். கிளட்ச் பெடலுக்குக் கீழே யாரோ ஒரு பித்தளைத் தகட்டைச் சரிவாக வைத்து, கீழே ஆப்பு செருகி, ரிவெட் அடித்திருந்தார்கள். தகடு நேராகக்கூட இல்லை, கோணிக்கொண்டு கிடந்தது. "கண்ண மூடிக்கிட்டு அடிச்சிருக்கான்" என்றான் திலக்ஷன். கெபினைப் பிடித்திருந்த போல்ட் அதற்குப் பின்னால் இருந்ததால் சுதாகரன் கிரைண்டரை வைத்து மூன்றாக வெட்டி, கழிவுக் குவியலில் எறிந்தான்.

பதின்மூன்றாம் நாள் ஜீவராணி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். கல்யாண வீட்டுக்குப் போகலாம் போல இருக்கிறது, கோவா ஏற்ற மனசு வராது என்றார். பிறகு ஏறினார். வலது காலை வைத்து ஏறி, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார்.

சுதாகரன் அப்போதுதான் அந்தக் காலைச் சரியாகப் பார்த்தான்.

புதுத் தரை டிரைவர் பக்கம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. கால் அதற்குள் விழுந்து அங்கேயே கிடந்தது. அவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். தொடையைக் கையால் தூக்கி, பாதத்தைப் பெடலில் வைத்து, முழங்காலை அமுக்கினார். கியர் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை எடுத்ததும் கால் நழுவியது. வண்டி குதித்து நின்றது. இன்னொரு தரம் முயன்றார். மறுபடியும் அதேதான். அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"வண்டி நல்லா இருக்குங்க பாஸ்" என்றார். "எனக்குத்தான் ஓட்ட ஏலாது."

சுதாகரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாமே என்றான். சொல்லும்போதே அது தப்பு என்று தெரிந்தது.

ஜீவராணி ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "எங்க மச்சான் பதினஞ்சு வருசமா அதத்தான் சொல்றாரு. நான் ரெண்டு காலு உள்ள ஆளு கேட்டு வரல. ஓட்டைய அடைக்கக் கேட்டு வந்தேன்." காலடியைக் காட்டி, "என் ஃப்ளோர் எங்க?" என்றார்.

குவியலைக் கிண்டி மூன்று துண்டையும் அவன் கொண்டுவந்து வைத்தான். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து, அது எப்படி உண்டானது என்று சொன்னார். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால். தூக்க முடியாது, ஆனால் தள்ள முடியும். தூக்காமல் ஓட்ட வேண்டுமானால் கால் வழுக்கிக்கொண்டு பெடலுக்குப் போய், வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்காகப் பலகைத் துண்டுகளை டியூப் ரப்பரால் கட்டி ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார். வலிக்கிற இடத்தில் பலகையை நகர்த்துவார், மறுநாள் ஓட்டிப் பார்ப்பார், மறுபடி நகர்த்துவார். வலி நின்ற பிறகுதான் தகடு. பேக்டரியில் தேயிலை உருட்டுகிற மேசையிலிருந்து கழித்த பித்தளை. அங்கே மெஷின் பார்க்கிற பிட்டர் அழகுமுத்து எடுத்துக் கொடுத்தார். ரிவெட் அடித்தது ஜீவராணியே.

சுதாகரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். பித்தளையில் ஒரு தடம் கண்ணாடி போல மின்னியது. அது நேராகப் போகவில்லை. பாதி வழியில் உள்பக்கம் திரும்பி, பிறகு பெடலுக்கு ஏறியது. பாதம் உள்ளே மடங்குகிற கால். தகடு கோணியதற்குக் காரணம் அதுதான். அந்தக் காலுக்கு அது கோணல் இல்லை. இரும்பை ரிவெட் பிடித்திருந்த இடத்தில் துருவும் இல்லை. கெபின் முழுவதும் செத்துப்போன பிறகு உயிரோடு இருந்தது அந்த ஒரு முழ நீளம்தான். இருபது வருஷ அனுபவம் உள்ளவன் அதைத்தான் தேடிப் பிடித்து வெட்டியிருந்தான்.

அன்று பின்னேரமே எண்பத்தைந்தின் தரையில் கிரைண்டரை வைத்தான். துருப்படாத தகடு. திலக்ஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டிரைவர் பக்கத்துக் குழியை வெட்டி எடுத்துவிட்டு, எழுபத்தொன்பதின் துண்டுகளை ஒட்டி அந்த இடத்தில் இறக்கினான். அதோடு முடியும் என்று நினைத்தது அவனுடைய இரண்டாவது தப்பு. புதிய கெபினில் பெடல் வேறு உயரத்தில் தொங்கியது. பழைய சரிவு அதற்கு எட்டவில்லை.

"பலகதான்" என்றார் ஜீவராணி. "டியூப் ரப்பர் இருக்கா?"

ஐந்து நாள் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனான். விடியும்போது டிவிசனில் ஏறி, மூட்டைகளுக்கு முன்னால் அமர்ந்து, முழு வழியும் அவருடைய காலையே பார்த்தான். முதல் நாள் இரண்டு இடத்தில் எஞ்சின் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் சிங்களத்தில் திட்டினான். ஜீவராணியும் சிங்களத்திலேயே, அவன் வீட்டார் நலமா என்று விசாரித்தார். மார்க்கெட்டில் மூட்டை இறங்கும் வரைக்கும் சுதாகரன் வண்டிக்கடியில் கிடந்து பலகைக்குக் கீழே உள்ள ஆப்பை அரை விரல் நகர்த்துவான். மூன்றாம் நாள் அதிகமாக நகர்த்திவிட்டான். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டினார்.

ஐந்தாம் நாள் நானுஓயா ஏற்றத்தில், வளைவின் நட்ட நடுவில், முன்னால் போன பஸ் ஆள் இறக்க நின்றது. பின்னால் வேன் ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணூறு கிலோ மரக்கறி மேலே. சுதாகரன் தன்னையறியாமல் டாஷ்போர்டைப் பிடித்தான். அந்த இடத்தில் அவனே ஓட்டியிருந்தால் ஒரு அடியாவது பின்னால் உருண்டிருக்கும். ஜீவராணியின் பாதம் பலகையின் மேல் சறுக்கி, உள்ளே திரும்பி, பெடலில் ஏறி அமர்ந்தது. பஸ் நகர்ந்தது. பாதம் அதே வழியில், அவசரமில்லாமல் திரும்பி வந்தது. வண்டி ஒரு விரல்கூடப் பின்வாங்காமல் மேலே போனது. அவர் பேசிக்கொண்டிருந்த பேச்சையும் நிறுத்தவில்லை. லீக்ஸுக்கு இந்த மழை ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுதாகரன் கையை டாஷ்போர்டிலிருந்து எடுத்தான். "பலக நிக்க வேண்டியது இங்கதான் அக்கா" என்றான்.

"இங்கதான்" என்றார் அவர்.

பலகை நின்ற அதே சரிவில் பித்தளைத் தகட்டை வெல்டிங் வைத்தே பிடிக்கலாம் என்று அவன் கேட்டுப் பார்த்தான். அவர் வேண்டாமென்றார். வயது போகப் போகக் கால் இன்னும் மாறும், ரிவெட் என்றால் கழற்றி நகர்த்தலாம். அதை அவர் மழை வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். அவன் பதினொரு ரிவெட் அடித்தான், பழையதில் இருந்த அதே எண்ணிக்கை. ஒட்டுத் தெரியாமல் பட்டி வைத்து மறைக்கவும் இல்லை. அடுத்த தரம் கழற்றுகிறவனுக்கு எது எங்கே சேர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வண்டியை எடுக்க அவர் வந்த அன்று மற்ற பாஸ்மாரில் மூத்தவரான வீரய்யா கொட்டிலில் நின்றிருந்தார். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டவர், உச்சுக்கொட்டினார்.

"மேல இவ்வளவு அழகா செஞ்சிட்டு, கீழ இப்படிக் கோணலா விட்டுட்டியேடா."

"மேலதான் நான் செஞ்சது" என்றான் சுதாகரன். "கீழ உள்ளது அக்கா செஞ்சது. அது நமக்கு வராது."

ஜீவராணி ஏறினார். காலைத் தூக்கி வைத்தார். வீரய்யா தள்ளி நிற்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.