இருபதாவது ஆட்டுக்கண்

1

ஆமாம், கதைக்குள் வாசகரை இழுக்கப் போடும் அந்தக் கொக்கிதான். திருவேங்கடம் போகிற பஸ்ஸில் ஒருத்தர் தூக்குச்சட்டியைத் திறந்தார், உள்ளே ஐஸில் ஆட்டுக்கண்கள். பக்கத்து சீட்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார். பின்சீட்டில் இருந்த நானும் 'எதுக்கு அண்ணாச்சி' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை வேண்டியதில்லை. இனி எல்லாம் கற்பனை.

2

பேச்சிராஜா என்று பெயர் வைத்தேன். சங்கரன்கோவிலில் தறிச் சாமான் கடையும் லேத் பட்டறையும். தனியாள். [மனைவி பிரிந்துபோய்... வேண்டாம். காரணம் சொன்னால் தனிமை சின்னதாகிவிடுகிறது.]

கண்புரை ஆபரேஷனில், முற்றிய லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பிளக்க ஒரு குட்டிக் கொக்கி உண்டு. வாசுதேவநல்லூர் கண் டாக்டர் முத்துமாரிக்குச் சின்னக் கை, கம்பெனிக் கொக்கி பிடிக்கு நிற்பதில்லை. பேச்சிராஜா பிடியை ஒல்லியாக்கி, முனையை மழுக்கிச் செய்துகொடுத்தார். லென்ஸுக்குப் பின்னால் மெல்லிய பை. அது கிழிந்தால் புது லென்ஸ் உட்கார இடமில்லை. அதற்குத்தான் ஆட்டுக்கண்ணில் சோதனை. ஆட்டுக்கு அந்தப் பை நம்மைவிடத் தடிமன். ஆட்டிலேயே கிழிந்தால் மனுஷக் கண்ணில்...

(மூன்று தடவை முடிக்கப் பார்த்தேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.)

3

பத்தொன்பது தாங்கியது. இருபதாவது கிழிந்தது. அந்நேரம் பார்த்து டாக்டர் போன். வாரத்தில் பேச்சிராஜாவுக்கு வருகிற ஒரே போன்.

"எத்தனை அண்ணாச்சி தேறுச்சு?"

"இருபதும் தேறிட்டும்மா."

"அப்ப ஆள் அனுப்புதேன். நாளைக்கு மொத கேஸுக்கே எடுத்துக்கிடுதேன்."

பொய் சொன்னது பாராட்டு ஆசையில் இல்லை. தேறவில்லை என்றால் டாக்டர் "சரி, வைக்கேன்" என்று போனை வைத்துவிடுவார். தேறியது என்றால் பத்து நிமிஷம் பேசுவார். பேசினார். வாசுதேவநல்லூரில் மழையாம்.

4

முடிவு அ: சொல்லாமல் விடுகிறார், ஆபரேஷன் நல்லபடி முடிகிறது. இதை எழுத ஒரு நோயாளி வேண்டுமே என்று பனவடலிசத்திரத்துத் தங்கத்தாயைக் கூட்டி வந்தேன். ஒரு கண் ஏற்கெனவே போனவர். படுக்கவைத்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அந்த முடிவையே அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அன்றைக்கே மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் பேச்சிராஜா முதல் தடவையாகத் தானே போன் போடுகிறார்.

"இருபதாவது கிழிஞ்சிட்டும்மா. பொய் சொல்லிட்டேன். அந்தக் கொக்கிய எடுத்துராதிய."

 டாக்டர் சொன்னார், "எடுக்கல அண்ணாச்சி. வைக்கேன்."

தங்கத்தாய் தப்பித்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த வாரம்தான் எழுத வரவில்லை. டாக்டர் கூப்பிடுவாரா? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த நம்பரை மறுபடி அழுத்துவீர்களா, சொல்லுங்களேன்?